லட்சுமிக்குப் பின்னால் ஒரு தம்பி

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் வெயில் ஏறுவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடும். ஃபைபர் படகுகள் மணலில் ஏறி நிற்கும். வலையில் சிக்கிய மீனை ஒவ்வொன்றாகக் கழற்றுகிற கைகள், பேச்சு எங்கே போனாலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் பெசன்ட் நகரின் அடுக்குமாடிகள், இன்னொரு பக்கம் பிரம்மஞான சபையின் அடர்ந்த மரக்கூட்டம், வடக்கே அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம். மூன்றுக்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கிற சின்னச் சின்ன வீடுகள்.

இப்படியொரு கடற்கரைக் குப்பத்தில் என்றில்லை, தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் நான்கு வீடு ஏறி இறங்கினால் ஒரு வீட்டுச் சுவரிலாவது அந்தப் படம் இருக்கும். தாமரை மேல் நிற்கிற லட்சுமி. பக்கத்தில் யானை. இல்லையென்றால் பாறை மேல் அமர்ந்து வீணை மீட்டும் சரஸ்வதியும் அருகில் மயிலும். கண்ணாடிச் சட்டத்தின் ஓரம் கடற்காற்றில் துருப்பிடித்திருக்கும். மேலே ஒரு சின்ன சீரியல் பல்பு. கீழே காய்ந்துபோன பூ.

யார் வரைந்தது என்று கேட்டால், பேர் தெரிந்தவர்கள் "ரவி வர்மா" என்பார்கள். சரிதான். ஆனால் ஒரு நிமிடம் தேவியின் முகத்தை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். குளம். அதில் விழும் வெளிச்சம். கரையோர மரங்கள். மரங்களுக்கு அப்பால் மங்கிக்கொண்டே போகும் தூரம். அந்தக் குளமும் தூரமும் தஞ்சாவூர்ப் படங்களில் கிடையாது. அங்கே சாமி, தங்க ரேக்கும் திருவாசியும் சூழ, படம் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். பின்னால் போக வழியே இருக்காது. ரவி வர்மா படத்தில் சாமிக்குப் பின்னால் நடந்து போகலாம்போல ஒரு நிலம் வந்தது.

அந்த நிலத்துக்குப் பெரும் பங்கு உழைத்தவர் ரவி வர்மாவின் தம்பி, சி. ராஜ ராஜ வர்மா. விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த இயற்கைக்காட்சி எண்ணெய் ஓவியத்தை நம் மண்ணின் குளத்துக்கும் தென்னைக்கும் பழக்கியவர்களில் முக்கியமானவர். அவர் பேரைச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் "யாரு?" என்பார்கள்.

ஒரு டியூப் செய்த வேலை

இங்கே கொஞ்சம் லண்டன் வரை போய்விட்டு வர வேண்டும்.

1841-க்கு முன்னால் எண்ணெய்ச் சாயத்தை வெளியே எடுத்துப் போவது பெரும்பாடு. வண்ணப் பொடியை ஆளி விதை எண்ணெயில் குழைத்து, பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். வேண்டும்போது ஊசியால் குத்திப் பிதுக்க வேண்டும். மறுபடி சரியாக மூட முடியாது. வெடித்தால் உடுப்பு போச்சு. அந்த ஆண்டு ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் லண்டனில் இருந்தபடி, அழுத்தினால் நசுங்கும் உலோக டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் பல் துலக்கப் பிதுக்குகிறோமே, அதன் மூதாதை. அதன்பிறகு ஓவியர்கள் சாயப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் போக முடிந்தது. அந்தப் பெட்டிக்குக் கடல் கடந்து இந்தியா வரவும் முடிந்தது.

இங்கிலாந்தில் தொழிற்சாலைப் புகை ஏற ஏற, புகையில்லாத கிராமத்தைப் படத்தில் பார்க்கும் ஆசையும் ஏறியது. பெஞ்சமின் வில்லியம்ஸ் லீடர் என்பவர் 1881-ல் வரைந்த 'பிப்ரவரி ஃபில் டைக்' என்ற படத்தில் பெரிய கதையெல்லாம் இல்லை. மழை ஓய்ந்த மாலை, இலையுதிர்ந்த மரங்கள், சேற்றுப் பாதையில் தேங்கிய தண்ணீரில் வானத்தின் கடைசி வெளிச்சம். அவ்வளவுதான். அதற்கே மக்கள் மயங்கினார்கள்.

இந்த வகைப் படத்துக்கு ஒரு பக்குவம் உண்டு. முன்னால் இருக்கும் புல்லும் பாறையும் இருட்டாகவும் துல்லியமாகவும் இருக்க வேண்டும். நடுவில் தண்ணீர் வந்தால் நல்லது. கண்ணை உள்ளே இழுத்துப் போகும். தூரம் போகப் போக பச்சை குறைந்து நீலம் கூடி, ஓரங்கள் மழுங்க வேண்டும். காற்றிலுள்ள ஈரமும் தூசும் ஒளியைச் சிதறடிப்பதால் தூரத்து மலை நம் கண்ணுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறது. எண்ணெய்ச் சாயம் நாள்கணக்கில் காயாமல் இருக்கும். ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் பொறுமையாக இழைத்து அந்த மங்கலைக் கொண்டுவரலாம். உடனே காய்ந்துவிடும் சுவர்ச்சாயத்தில் இது நடக்காது.

இங்கிலாந்துக்காரர்கள் இந்தக் கண்ணோடு இங்கே வந்து வரைந்தார்கள். குழந்தைகளுக்கான அபத்தப் பாடல்களால் பேர் வாங்கிய எட்வர்ட் லியர் உண்மையில் இயற்கைக்காட்சி ஓவியர். வைஸ்ராய் நார்த்புரூக்கின் அழைப்பில் இந்தியா வந்தவர், 1874-ல் மதராசையும் மகாபலிபுரத்தையும் பார்த்து வரைந்துவிட்டுப் போனார். அவருக்கு அது பயணம். இங்கேயே பிறந்தவர்களுக்கு அந்தச் சாயத்தைத் தொடுவதே பெரும் போராட்டமாக இருந்தது.

இரவில் கற்ற வித்தை

திருவிதாங்கூரின் கிளிமானூர் அரண்மனையில் 1848-ல் பிறந்தவர் ரவி வர்மா. ஓவியத்தில் முதல் பாடம் சொன்ன மாமாவின் பேரும் ராஜ ராஜ வர்மாதான் (இந்தக் குடும்பத்தில் பேர்க்குழப்பம் நிறைய). 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போனார். அங்கே எண்ணெய்ச் சாயம் தெரிந்தவர் மதுரையைச் சேர்ந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர். பையனின் கைத்திறமையைப் பார்த்து, சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார். போட்டிக்கு ஆள் வளர்ப்பானேன்! நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் குருவுக்குத் தெரியாமல் இரவில் வந்து சொல்லிக்கொடுத்தார். 1868-ல் மன்னரை வரைய வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியரும் கற்றுத்தர மறுத்தார். வேலை செய்யும்போது தள்ளி நின்று பார்க்க மட்டும் சம்மதித்தார். மிச்சத்தை ரவி வர்மா பார்த்தும் கெடுத்தும் தானே கற்றுக்கொண்டார்.

தம்பி பிறந்தது 1860-ல். பன்னிரண்டு வயது இடைவெளி. அண்ணன் அடிபட்டுக் கற்றதைத் தம்பி வீட்டிலேயே கற்றார். அண்ணனுக்குக் கிடைக்காத நல்ல ஆங்கிலக் கல்வியும் கிடைத்தது. அதனாலேயே அண்ணனின் கடிதப் போக்குவரத்து, கணக்கு, பயண ஏற்பாடு எல்லாம் தம்பி தலையில் விழுந்தது. தங்கை மங்களா பாயும் வரைவார். அவர் கதை இதைவிடவும் இருட்டில் கிடக்கிறது.

அண்ணனின் புகழ் ஏறிய ஊர் மதராஸ். 1873-ல் இங்கே நடந்த ஓவியக் கண்காட்சியில் தலைமுடிக்குப் பூச்சூடும் நாயர் பெண்ணை வரைந்து முதல் பரிசு பெற்றார். 1876-ல் சகுந்தலை கடிதம் எழுதும் படத்தை அனுப்ப, அதை வாங்கியவர் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு. பேர் கேட்டதுபோல் இருக்கிறதா? தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கக் கால்வாய் வெட்டவைத்த அதே பிரபு. பக்கிங்ஹாம் கால்வாய் இன்றும் அவர் பேரில் இருக்கிறது. ஒரு கையால் பஞ்ச நிவாரணக் கோப்பு, மறு கையால் சகுந்தலை.

"இரண்டு கை போதாது"

படங்களுக்கு ஆசைப்பட்டவர்கள் பெருகினார்கள். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்து, கடைசிக் காலத்தை மயிலாப்பூரில் கழித்த சர் டி. மாதவ ராவ் ரவி வர்மாவுக்கு ஒரு யோசனை எழுதினார். கேட்பவர்களுக்கெல்லாம் வரைந்து கொடுக்க உம்முடைய இரண்டு கைகள் போதாது. நல்ல படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி, எண்ணெய் ஓவியம்போலவே அச்சிட்டு வாங்கலாமே என்பது அதன் சாரம்.

இரண்டு கை என்று மாதவ ராவ் கணக்குப் போட்டார். உண்மையில் அந்தக் கூடத்தில் வேலை செய்தவை நான்கு கைகள்.

1888-ல் ஊட்டியில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டைச் சந்தித்ததும், 14 புராண ஓவியங்களுக்கான வேலை கிடைத்தது. நளனுக்கும் தமயந்திக்கும் என்ன உடுத்துவது, எந்த மண்ணில் நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள அண்ணனும் தம்பியும் வட இந்தியா முழுக்கச் சுற்றினார்கள். அண்ணன் புடவைக்கட்டையும் முகவெட்டையும் பார்த்தார். தம்பியின் கண் ஆற்றிலும் மலையிலும் கோட்டைச் சுவரிலும் நின்றது. பிறகு பல படங்களில் உருவங்கள் அண்ணனுக்கு, பின்னணி தம்பிக்கு என்று வேலை பிரிந்தது என்கிறார்கள் கலை வரலாற்றாசிரியர்கள். எந்த இலை யாருடையது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. நல்ல சமையலில் எந்தக் கை உப்புப் போட்டது என்று எப்படிச் சொல்வது?

தம்பிக்கென்று தனிப் படங்களும் உண்டு. ஆற்றங்கரை, மாலை வெளிச்சம், தண்ணீர் எடுத்துவரும் பெண்கள் என்று இயற்கைக்காட்சியே அவருக்கு உயிர். கண்காட்சிகளில் பரிசும் வாங்கினார். திருவனந்தபுரத்தில் அவருடைய ஓவியங்களை இன்றும் பார்க்கலாம். ஆனால் சம்பாத்தியம்? ராஜாக்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் வேண்டியது தங்கள் முகம், அடுத்தபடியாக, புராணம். யாருமில்லாத ஒரு ஏரிக்கரையைக் காசு கொடுத்து வாங்க அன்றைய இந்தியாவில் ஆள் குறைவு. இங்கிலாந்தில் லீடருக்குக் கிடைத்த கூட்டம் இவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவருக்குத் தெரிந்த ஏரிக்கரைகளில் பெரும்பாலானவை அண்ணன் படைத்த தேவிகளின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தன.

1894

மாதவ ராவ் சொன்னதுபோல ஐரோப்பாவுக்கு அனுப்பாமல், 1894-ல் பம்பாயில் சகோதரர்கள் சொந்தமாகவே அச்சகம் தொடங்கினார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். சுண்ணாம்புக்கல்லை வழவழப்பாகத் தேய்த்து, அந்த நிறம் விழ வேண்டிய இடத்தை மட்டும் கொழுப்புள்ள மையால் வரைந்து, தாளை அழுத்த வேண்டும். அடுத்த நிறத்துக்கு அடுத்த கல். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் லட்சுமிக்கு உதடு கன்னத்தில் விழும். கடைசியில் வார்னிஷ் பூசி எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பு கொடுப்பார்கள். இதற்குப் பேர் ஒலியோகிராஃப். ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள் வந்தார்கள். பிளேக் நோய் வந்தது. கடன் வந்தது. அச்சகம் லோனாவ்லா பக்கம் மளவ்லிக்குப் போய், 1900-களின் தொடக்கத்தில் ஃப்ரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியரிடம் கைமாறியது. அண்ணன்-தம்பிக்கு அதில் லாபம் இல்லை. படங்கள் மட்டும் நாடெங்கும் போய்ச் சேர்ந்தன.

அதே 1894-ல்தான் அடையாறில் இன்னொன்றும் நடந்தது. பிரம்மஞான சபையின் நிறுவனர்களில் ஒருவரான அமெரிக்கர் கர்னல் ஒல்காட், தீண்டாமையால் பள்ளிக்கூட வாசலைக்கூட மிதிக்க முடியாத பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். அது இன்று ஒல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளி. குப்பத்தின் பேரில் பாதி அவருடையது. பள்ளிக்கூடத்துக்கே அந்த நிலைமை என்றால் கோயிலுக்குக் கேட்க வேண்டாம். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936-ல். மதராஸ் மாகாணத்தில் சட்டம் வந்தது 1939-ல். அதற்கு நாற்பது வருடம் முன்பே, கருவறையை எட்டிப் பார்க்க முடியாதவர் வீட்டுச் சுவருக்கு, சில அணா விலையில் லட்சுமி வந்து நின்றுவிட்டாள்.

வெறும் மேற்கத்தியக் காப்பி என்று ரவி வர்மாவைக் கடுமையாக விமர்சித்தவர்கள் உண்டு. ஈழத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசாமியே அவர்களில் ஒருவர். விமர்சனத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சில தேவிகள் நாடக மேடையில் வந்து நின்றதுபோலத்தான் இருக்கிறார்கள். ஆனால் பின்னணியில் உள்ள குளத்தைப் பார்த்து யாரும் வேற்று நாட்டுக் குளம் என்று சொல்ல மாட்டார்கள். பக்குவம் இங்கிலாந்திலிருந்து வந்தது. தண்ணீர் நம்முடையது.

தமிழுக்கு இந்த விஷயம் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும்தான் முதற்பொருள் என்கிறது. கடலும் மணலும் உப்பங்கழியும் இல்லாமல் நெய்தலின் ஏக்கத்தைச் சொல்ல முடியாது. நிலம் முதலில், அப்புறம்தான் மனிதர்கள். பாட்டில் அப்படி வைத்தவர்கள் படத்தில் ஏனோ நிலத்தைப் பின்னால் தள்ளிவிட்டோம்.

புத்தக அட்டையிலும்

ராஜ ராஜ வர்மா ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதினார். பயணங்கள், சந்திப்புகள், நடந்துகொண்டிருக்கும் வேலை, வழியில் பார்த்த காட்சிகள் எல்லாம் அதில் உண்டு. 1895 முதல் 1904 வரையிலான குறிப்புகள் மிஞ்சியிருக்கின்றன. அண்ணனைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்த பலவும் அதிலிருந்து எடுத்தவைதான். 2005-ல் அது புத்தகமாக வந்தது. முதலில் அச்சான பெயர் 'ராஜா ரவி வர்மா: ஒரு கலைஞனின் சித்திரம்' என்ற பொருளில். தம்பியின் நாட்குறிப்பு என்பது துணைத் தலைப்பு. சொந்த டைரியின் அட்டையிலும் இரண்டாம் இடம்!

நம் பக்கத்தில் இதற்கு ஒரு மாற்று வழக்கம் இருந்ததைச் சொல்லாமல் போக முடியாது. ஒலியோகிராஃபின் வாரிசாக சிவகாசி காலண்டர்கள் வந்தபோது, கோவில்பட்டியில் சி. கொண்டையா ராஜு கொடிகட்டிப் பறந்தார். மதராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர். அவரும் சீடர்களும் சேர்ந்தே படம் செய்வார்கள். அந்தக் காலண்டர்கள் சிலவற்றின் மூலையில் குருவின் பேரோடு சீடர் டி. எஸ். சுப்பையாவின் பேரும் இருக்கும். பழைய முருகன் காலண்டர் வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள்.

1905-ல் ராஜ ராஜ வர்மா காலமானார். 45 வயதுகூட நிறையவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக ஒரே கூடத்தில், ஒரே ரயில் பெட்டியில், பக்கத்துப் பக்கத்து முக்காலிகளில் இருந்த தம்பி. அண்ணனுக்கு ஏற்கெனவே நீரிழிவு. அடுத்த வருடமே, 1906 அக்டோபர் 2 அன்று, கிளிமானூரில் ரவி வர்மாவும் போய்ச் சேர்ந்தார்.

மாலையில் ஒல்காட் குப்பத்திலிருந்து முகத்துவாரத்தை நோக்கி நடந்தால் உடைந்த பாலம் வரும். 1967-ல் கட்டி, 1977-ல் வெள்ளத்தில் ஒரு பகுதி போய், அப்படியே நிற்கிறது. விக்டோரியா காலத்து ஓவியர் யாராவது பார்த்திருந்தால் அங்கேயே முக்காலி போட்டிருப்பார்: முன்னால் இடிந்த தூண், நடுவில் ஆறு, தூரத்தில் மங்கும் கடல், தண்ணீரில் மேற்கு வானத்தின் செம்மை. அந்தப் பக்குவம் அப்படியே இருக்கிறது.

கல்யாண ஜோடிகளைக் கூட்டிக்கொண்டு கேமராக்காரர்கள் இந்தக் கரைக்கு வருவது அதனால்தான். மாப்பிள்ளைக்குக் கோட் சரி செய்வார்கள். பெண்ணின் முந்தானையைக் காற்றில் பறக்கவிட ஒரு உதவியாளர் குனிந்து ஓடுவார். பின்னால் ஒரு படகு இருந்தால் படம் எடுப்பாக இருக்கும். படகுக்காரர், வலையைத் தோளில் போட்டபடி, அவர்கள் முடிக்கட்டும் என்று கொஞ்சம் தள்ளி நிற்பார்.

"அண்ணே, நீங்க ஃப்ரேம்ல வர்றீங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிக்குங்க!"

அவர் இன்னும் இரண்டடி நகர்வார். வெளிச்சம் போவதற்குள் அவர்களுக்குப் படம் முடிய வேண்டும். காற்று மாறுவதற்குள் அவருக்குப் படகைத் தள்ள வேண்டும்.